மெய்யின்மேல் விழும் நிழல்

உலகில் உள்ள முகங்களையெல்லாம் காணும் கண், தான் அமைந்திருக்கும் முகத்தை மட்டும் காண்பதில்லை. தன் முகத்தைக் காண மனிதனுக்குத் தெளிந்த நீரோ, கண்ணாடியோ, ஓவியனின் கைத்திறனோ, ஒளிப்படக் கருவியோ வேண்டியிருக்கிறது. தன்னை அறிய விரும்புவோர் தமக்குப் புறத்தே உள்ள ஒன்றின் துணையை நாடவேண்டும் என்பது இயற்கை வகுத்த நியதி போலும். வில்லிபுத்தூரில், இறைவனுக்கென்று தொடுத்த மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள் கோதை என்று நம் மரபு கூறுகிறது. தந்தை அதனைப் பிழை என்று கருதி வருந்தினார். இறைவனோ அவள் சூடிய மாலையையே விரும்பினான் என்று கூறுவதும் அம்மரபே. தன் உருவத்தின்மேல் இன்னொருவர்க்கு உரியதை ஏற்றிப் பார்க்கும் ஆசை அத்துணைப் பழமையானது. அது பிழையா, பேறா என்னும் வினாவும் அத்துணைப் பழமையானதே.

அவ்வினா இன்று ஒரு புதிய கலையின் வடிவில் நம்முன் வந்து நிற்கிறது. ஒளியால் வீழ்த்தப்படும் ஒரு படத்தைத் தம் உடல்மேல் ஏற்று, அந்தக் கோலத்தில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் கலை அது. ஒளிப்படம் பயிலும் இளைஞர்கள் இதில் ஆர்வத்துடன் ஈடுபடுகின்றனர். பாட்டனாரின் பழைய நிழற்படம் பேத்தியின் முகத்தில் விழுகிறது. ஊர்க்கோயிலின் கோபுரம் ஒருவன் மார்பில் எழுந்து நிற்கிறது. பாட்டி எழுதிய கடிதத்தின் வரிகள் ஒருத்தியின் கன்னத்தில் வளைந்து ஓடுகின்றன. காண இனிய காட்சிதான். ஆயினும், அப்படத்தில் இருப்பவர் யார்? பிறர் உருவைப் போர்த்திக்கொண்டு, ‘இது நான்’ என்று ஒருவர் கூறுவது மெய்யாகுமா? பிழைப்பு நாடியும் பணி நாடியும் பிறந்த மண்ணைவிட்டு வந்து, பெங்களூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இவ்வினாவோடு நெருங்கிய உறவு உண்டு.

கலை நிகழும் முறை

முதலில் அக்கலை நிகழும் முறையைக் காண்போம். வேறு ஒளி புகாதபடி அறையை இருட்டாக்க வேண்டும். புரொஜெக்டரை ஒருபுறம் நிறுத்தி, அதன் ஒளிப்பாதையில் படம் எடுப்பவரே வந்து நிற்கவேண்டும். காமிரா முக்காலியின்மேல் இருக்கும். சில நொடிகள் கழித்துத் தானே இயங்குமாறு அதனை முடுக்கிவிட வேண்டும். ஒளி மிகக் குறைவாகையால் காமிராவின் கதவு வழக்கத்தினும் நெடுநேரம் திறந்திருக்கும். அவ்வளவு நேரமும் மூச்சடக்கி அசையாது நிற்கவேண்டும். அசைந்தால் முகம் கலங்கிவிடும். கருவியிலிருந்து இருமடங்கு தொலைவு விலகினால் படம் நான்கு மடங்கு பரப்பில் விரியும். ஒளியோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். முன்னாளில் 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்லைடு இதற்குப் பயன்பட்டது. கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை 2004ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. இன்று கைப்பேசியிலுள்ள படத்தையே சிறு கருவி ஒன்றின் வழியாக வீழ்த்திவிடலாம்.

இச்செய்முறையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை மூன்று. படத்தில் கருமையாக இருக்கும் இடத்தில் ஒளி வருவதில்லை. ஆதலால் அங்கே உடலும் மறைந்துபோகிறது. படம் எவ்விடத்தைக் காட்ட விரும்புகிறதோ அவ்விடம் மட்டுமே தெரிகிறது. இது முதலாவது. சுவரில் நேராக விழும் கோடு மூக்கின்மேல் வளைகிறது; கன்னத்தில் சரிகிறது; வெண்சுவரில் வெண்மையாய் இருந்தது தோலின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. படம் உடலை மாற்றுவது போலவே உடலும் படத்தை மாற்றுகிறது. இது இரண்டாவது. மூன்றாவது மிகவும் வியப்புக்குரியது. ஒளியில் நிற்பவருக்குத் தம் முகத்தில் விழுந்திருக்கும் படம் தெரிவதே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது எதிரே கூசும் விளக்கு ஒன்றே. தாம் எக்கோலத்தில் இருந்தோம் என்பதைப் பிறகு படத்தைப் பார்த்தோ, அருகே நிற்பவர் சொல்லக் கேட்டோதான் அவர் அறிகிறார். இம்மூன்று உண்மைகளையும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

பிரிவில் பிறந்த உருவம்

உருவப்படக் கலை எவ்வாறு தோன்றியது என்பதற்கு ரோமானிய அறிஞர் பிளினி ஒரு கதை கூறியிருக்கிறார். கொரிந்து நகரில் குயவன் ஒருவனின் மகள், வெளிநாடு செல்லவிருந்த தன் காதலனின் முகநிழல் விளக்கொளியால் சுவரில் விழக்கண்டு, அதன் எல்லையைக் கோடிட்டு வைத்துக்கொண்டாளாம். கதை நடந்ததோ இல்லையோ, அதன் உட்பொருள் ஆழமானது. ஒளி, நிழல், பிரிவு என்னும் மூன்றும் கூடிய இடத்தில் உருவப்படம் பிறந்தது என்கிறது அது. பிரிந்து வந்தவர்களின் வீடுகளில் நிழற்படங்கள் சுவரை நிறைத்து நிற்பதன் காரணம் இதுவே அன்றோ?

தமிழில் ‘நிழல்’ என்னும் சொல்லின் பொருள்களை எண்ணிப் பார்த்தால் இன்பம் மிகும். ஒளி மறைந்த இடமும் நிழல். நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவமும் நிழல். பழந்தமிழில் ஒளிக்கும் நிழல் என்னும் பெயர் உண்டு. ஒருவரை அண்டிப் பெறும் காப்பும் நிழலே. இனி ‘மெய்’ என்னும் சொல்லை நோக்குவோம். உடலும் மெய், உண்மையும் மெய். ஆகவே உடலின்மேல் படம் விழும் கலையைத் தமிழில் சொல்லப் புகுந்தால், ‘மெய்யின்மேல் விழும் நிழல்’ என்றே கூறவேண்டியிருக்கிறது. அந்நிழல் மெய்யை மறைக்கிறதா, காக்கிறதா என்பதே நம் ஆராய்ச்சி.

திரையில் நிழலை ஆடவிட்டு உண்மை கூறும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. தமிழகத்தில் தோற்பாவைக் கூத்து என்றும் கருநாடகத்தில் ‘தொகலு கொம்பெயாட்ட’ என்றும் வழங்குவது ஒரே குடும்பத்துக் கலை. மேலைநாட்டில் 1659ஆம் ஆண்டளவில் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் மாய விளக்கை அமைத்தார். 1892இல் மராட்டிய நாட்டுக் கல்யாண் நகரில் மகாதேவ் கோபால் பட்வர்தன் அதனைக் கொண்டு கதைகள் காட்டினார். 1905இல் திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அதே 1905இல்தான் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902இல் முதன்முதல் மின்னாற்றல் சென்ற இடம் கோலார் தங்கவயல். அங்கே நிலத்தின் ஆழத்தில் இருட்டில் உழைத்தவருள் மிகப் பலர் தமிழர். ஆற்றின் பெயரால் பின்னாளில் எத்துணைப் பூசல் எழுந்திருப்பினும், அவ்வாறு தந்த ஒளி இருமொழியாளர் வீட்டிலும் ஒருங்கே எரிந்தது.

பெங்களூர்க் கலைஞர் ஒருவர்

பிறர் உருவைத் தம்மேல் ஏற்றுத் தம்மைப் படைக்கும் முயற்சிக்கு இந்நகரிலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. 1956இல் பெங்களூரில் பிறந்த புஷ்பமாலா, பரோடாவில் சிற்பம் பயின்றவர். தொண்ணூறுகளின் இடைப்பகுதியிலிருந்து ஒளிப்படத்தை நாடியவர். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் ஒரு படவரிசையை உருவாக்கினார். தென்னிந்தியப் பெண்களின் பழக்க வழக்கங்கள் எனப் பொருள்படும் தலைப்பு அதற்கு. இரவிவர்மா தீட்டிய நிலவொளிப் பெண்ணாகவும், நாட்காட்டிப் படத்து இலக்குமியாகவும், வேளாங்கண்ணி அன்னையாகவும், எழுபதுகளின் தமிழ்த் திரைப்படத்தில் சாட்டை ஏந்திய நாயகியாகவும், நாளிதழில் வெளிவந்த குற்றவாளிப் பெண்ணாகவும் அவரே தோன்றினார். அவர் புரொஜெக்டரைக் கையாளவில்லை. அரங்கமைத்து, வேடம் புனைந்து அதனைச் செய்தார். கருவி வேறாயினும் வினா ஒன்றே: இத்தனை உருவங்களுள் எது அவர்?

அவ்வரிசையில் ஒரு படம் நம்மை நின்று எண்ணச் செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் சிலர், நம் நாட்டுப் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தி, உறுப்புகளை அளந்து படம் எடுத்தனர். இரண்டு அங்குலக் கட்டங்கள் கொண்ட அத்தகைய திரையை 1869இல் லாம்ப்ரே என்பவர் பரிந்துரைத்தார். நீலகிரித் தோதவப் பெண்ணை அவ்வாறு எடுத்த படத்தின் கோலத்தைப் புஷ்பமாலா தம் உடலில் ஏற்றார். ‘துன்பம் பட்டவள் வேறு ஒருத்தி; புகழ் பெறுபவர் வேறு ஒருவர். இது முறையா?’ என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. அப்பெண்ணின் இசைவை அன்று அளந்தவரும் கேட்டிருக்கமாட்டார்; இன்று கேட்கவும் வழியில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அளந்தவர் தாம் அளவுகோலுக்கு அப்பால் நின்றார். இக்கலைஞர் தம் உடலையே அளவுகோலின் முன் கொண்டு நிறுத்தினார். பிறர் படத்தை எடுத்தாள்வோர் அதன் அழகை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களா, அதன் சுமையையும் ஏற்கிறார்களா என்பதே அறத்தின் உரைகல் என்று நாம் கருதுகிறோம்.

திரையும் பளிங்கும்

இனி மெய்ப்பொருள் நூலார் கருத்தை நோக்குவோம். திருவண்ணாமலை இரமண முனிவர் (1879–1950) ஆன்மாவைத் திரைப்படக் கொட்டகையின் திரைக்கு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். படத்தில் தீ எரிந்தாலும் திரை கருகுவதில்லை. வெள்ளம் பெருகினாலும் திரை நனைவதில்லை. படங்கள் வந்து போகின்றன, திரை அவ்வாறே நிற்கிறது என்பது அவர் விளக்கம். புதிய கருவி ஒன்றைக் கொண்டு பழைய உண்மையை எளிதாக உணர்த்திய பெருமை அதற்கு உண்டு.

சைவ சித்தாந்தம் வேறொரு வழியில் விளக்குகிறது. ஆன்மா, சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. செம்மலர் அருகே வைத்த பளிங்கு செந்நிறம் காட்டுவது போன்றது என்பது அந்நெறி. திரை எதனையும் ஏற்பதில்லை, பளிங்கோ ஏற்கிறது. ஆகவே எதனைச் சார்வது என்னும் பொறுப்பு அங்கே பிறக்கிறது. வள்ளுவப் பெருந்தகையும் குறிப்பறிதல் அதிகாரத்தில் முகத்துக்குப் பளிங்கை உவமை கூறியிருக்கிறார். அவர் கருத்தில் ஒரு நுட்பம் உண்டு. பளிங்கு காட்டுவது புறத்தே அடுத்துள்ள பொருளை. முகம் காட்டுவது அகத்தே மிகுந்துள்ள உணர்வை. புறத்திலிருந்து வரும் நிறமும் அகத்திலிருந்து வரும் நிறமும் ஒரே பரப்பில் கலக்கும் இடம் மனித முகம்.

ஒளிவீழ்த்திய தன்னுருவப்படம் இக்கலப்பைக் கண்கூடாகக் காட்டுகிறது. பாட்டனாரின் படம் சுவரில் விழுந்தால் அது பாட்டனார் மட்டுமே. பேத்தியின் முகத்தில் விழும்போது அவர் நெற்றி அவள் நெற்றியில் வளைகிறது. அவர் கண்ணுக்குள்ளிருந்து அவள் கண் நோக்குகிறது. அவள் சிரித்தால் அவர் முகமும் நெகிழ்கிறது. எனவே அப்படம் பொய் என்று தள்ளத் தக்கதன்று. உயிரும் மெய்யும் கூடிய எழுத்தை உயிர்மெய் என்கிறோம். அதில் இரண்டும் உண்டு, இரண்டும் உருமாறியும் உண்டு. அத்தகைய கூட்டு இது. தமிழில் மகன் மகளின் பிள்ளைக்கு ‘பெயரன்’ என்று பெயர் வந்ததே பாட்டனின் பெயரைத் தாங்குவதனால்தான் என்பர். முன்னோரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு ‘இது நான்’ என்று கூறும் முறை நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது.

நம்மேல் விழும் படங்கள்

ஆனால் நாம் விரும்பி ஏற்கும் படங்கள் மட்டுமே நம்மேல் விழுவதில்லை. பிறரும் நம்மேல் படம் வீழ்த்துகின்றனர். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலின்போது இந்நகரில் தமிழர் பலர் துன்புற்றனர். எல்லைக்கு அப்பால் கன்னடம் பேசுவோரும் துன்புற்றனர். தச்சரோ, ஆசிரியரோ, பூ விற்கும் மூதாட்டியோ, ஆளைப் பார்க்காமல், ‘இவர் அந்தப் பக்கத்தார்’ என்ற ஒரே படம் எல்லார் முகத்திலும் வீழ்த்தப்பட்ட நாள்கள் அவை. படத்தின் கருமை விழும் இடத்தில் உடல் மறைந்துபோகும் என்று மேலே கண்டோம். வெறுப்பு வீழ்த்தும் படம் முழுதும் கருமையானது. அதில் முகமே தெரிவதில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடியே நின்றது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் இரு மாநில முதல்வர்களும் கூடி நிற்க அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஓர் உருவம் வெளிப்பட, இன்னோர் உருவத்துக்கும் இடம் தரவேண்டியிருந்தது. நாம் நம் உருவை இந்நகரில் நாட்ட விரும்பினால், இந்நகரின் உருவுக்கு நம் உள்ளத்தில் இடம் தரவேண்டும் என்பது அதனால் பெறும் பாடம்.

விரும்பி ஏற்கும் படங்களும் நாம் நினைப்பது போல் அத்துணைத் தூயவை அல்ல. 1950இல் இந்நகரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்து, நகரப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றிய சிவாஜிராவ், 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் தோன்றி, இரஜினிகாந்தாகத் தமிழர் இல்லந்தோறும் நுழைந்தார். அவர் நடையையும் கையசைவையும் தம் உடலில் ஏற்றுக்கொண்ட தமிழ் இளைஞர் எத்தனை பேர்! தூய தமிழ் அடையாளம் என்று நாம் கொண்டாடும் ஓர் உருவத்துக்குள் பெங்களூரும் மராத்தியும் கன்னடமும் கலந்து நிற்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை. எந்த உருவமும் ஒற்றை விளக்கின் ஒளியால் ஆனதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

இங்கே மெக்சிகோவின் எல்லை நகராகிய டிஹுவானாவில் 2001இல் நடந்த ஒன்றைக் கூறவேண்டும். போலந்தில் பிறந்த கலைஞர் வோடிச்கோ, அந்நகரின் பண்பாட்டு மையத்தினுடைய உருண்டைக் கட்டடத்தின்மேல், ஆலைகளில் உழைக்கும் பெண்களின் முகங்களை இரவில் ஒளியாக வீழ்த்தினார். தலையில் பொருத்திய சிறு காமிராவின் முன் அப்பெண்கள் தாம் பட்ட துன்பங்களைத் தம் வாயாலேயே கூறினர்; கூடியிருந்த ஊரார் கேட்டனர். அதுவரை அவர்கள்மேல் ஊர் படம் வீழ்த்தியது. அன்று அவர்கள் ஊரின்மேல் தம் முகத்தை வீழ்த்தினர். ஏற்பவராக மட்டும் இருந்தவர் வழங்குபவராகும்போது தன்னுருவப்படம் முழுமை அடைகிறது.

பிள்ளைகளின்மேல் நாம் வீழ்த்துவது

எல்லாவற்றினும் நம்மை வருத்த வேண்டிய வினா ஒன்று எஞ்சியிருக்கிறது. நாமும் விளக்கு ஏந்தி நிற்பவர்கள்தாமே? இந்நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். தமிழைப் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. அவர்கள்மேல் நாம் ஊரை வீழ்த்துகிறோம், குலப்பெருமையை வீழ்த்துகிறோம், நாம் விட்டுவந்த நாளில் இருந்தபடியே உறைந்துபோன ஒரு தமிழ்நாட்டை வீழ்த்துகிறோம். ஒளியில் நிற்பவருக்குத் தம்மேல் விழும் படம் தெரிவதில்லை, கண்ணைக் கூசும் விளக்கே தெரிகிறது என்று கண்டோம். நாம் காட்டும் அழகிய கோபுரம் பிள்ளையின் கண்ணுக்குக் கூசும் வெளிச்சமாக மட்டும் இருக்கலாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கோபுரத்தை வெறுத்தான் என்று நாம் முடிவுகட்டிவிடலாகாது.

அதற்காக விளக்கை அணைத்துவிடலாம் என்பாரும் உண்டு. ‘பிள்ளை தானாக வளரட்டும், எந்தப் படமும் அவன்மேல் விழவேண்டாம்’ என்பது அவர் வாதம். அது கேட்க நன்றாக இருப்பினும் நடவாதது. நாம் அணைத்தால் அறை இருட்டாக இருப்பதில்லை. வணிக விளம்பரமும், திரையும், கைப்பேசியும் தத்தம் படங்களை அவன்மேல் வீழ்த்தக் காத்திருக்கின்றன. படம் விழாத உடல் உலகில் இல்லை. ஆகவே வீழ்த்துவதா வேண்டாவா என்பதைவிட, எவ்வாறு வீழ்த்துவது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அக்கேள்விக்கு இக்கலையே விடை தருகிறது. விளக்கைப் பெற்றோர் கையிலேயே வைத்திராமல் பிள்ளையின் கையில் தரவேண்டும். பெட்டியில் உறங்கும் நிழற்படங்களையும் கடிதங்களையும் வெளியே எடுத்து, இவர் யார், எந்த ஊர், ஏன் புறப்பட்டு வந்தார் என்று கதை சொல்லிக் கொடுக்கவேண்டும். எதனைத் தன்மேல் ஏற்பது, எவ்வளவு நெருங்கி நிற்பது என்பதைப் பிள்ளையே தேரட்டும். பாட்டியின் கடிதம் தன் கன்னத்தில் ஓடக்கண்ட பெண், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று ஒருநாள் தானே கேட்பாள். கட்டாயத்தால் கற்பிக்க இயலாத எழுத்தை அந்த ஒரு கேள்வி கற்பித்துவிடும். இறந்தாரின் படத்துக்கு மாலை சூட்டித் தொழும் நம் மரபில், அதனை முகத்தில் வீழ்த்தி விளையாடுவது மரியாதைக் குறைவு என்று மூத்தோர் சிலர் எண்ணலாம். அவர்கள் அச்சத்தையும் நாம் மதிக்கவேண்டும். பெயர் தெரியாமல் மாலையில் தொங்கும் படத்துக்கும், கதை தெரிந்து பேரப்பிள்ளையின் முகத்தில் ஒருகணம் உயிர்க்கும் படத்துக்கும் எது பெரிய வழிபாடு என்பதை அவர்களே கூறட்டும்.

முடிவாக ஒன்று. எந்தப் படத்துக்குப் பின்னும் விளக்கை நிறுத்தும் வேளை வருகிறது. கோபுரமும் கடிதமும் பாட்டனாரும் மறைகின்றனர். அறையில் ஒரு மனிதன் மட்டும் நிற்கிறான். அவன்மேல் இப்போது எந்த எழுத்தும் இல்லை. ஆயினும் எந்த நெற்றியின் கீழ்த் தன் நெற்றி நின்றது, எந்தக் கோடு தன் மூக்கின்மேல் வளைந்தது என்பதை அவன் அறிவான். படம் நீங்கியபின் தன்னைக் கண்டு அஞ்சாதவனும், பிறர் முகத்தில் தான் வீழ்த்தும் படத்துக்குப் பின்னே ஒரு முகம் இருப்பதை மறவாதவனும் எவனோ, அவனே தன் உருவை எழுதத் தெரிந்தவன். அத்தகைய பிள்ளைகள் காவிரி ஒளி தந்த இந்நகரில் நம் இல்லந்தோறும் வளர்வார்களாக!